வீரம்மாவின் பட்டியில் இருட்டில்லை

வீரம்மாவின் செம்மறிகள் இந்த வருடம் சினைப்படவில்லை. புளியங்குளத்துக்குக் கிழக்கே, காட்டோரம் அவளது வளவு. குட்டிகளை நம்பித்தான் வீட்டுச் சீவியம். அவளிடம் கிடாய் இல்லை. அந்தப் பக்கத்தில் பரமலிங்கத்தின் கிடாய்தான் முறைவைத்து வீடு வீடாகப் போகும். இப்போது அவளது முறை.

கிடாய் பெட்டை மறிகளை மோந்து பார்க்கும், மேலுதட்டைச் சுருட்டும், பிறகு விலகிப் போய்ப் படுத்துவிடும்.

"உதுக்கு வயசு போயிட்டுது," என்றான் கணவன் சிவராசா.

"போன முறையும் உதே கிடாய்தானே வந்தது? அப்ப உங்கட லைற் இல்லை."

யானைக்குப் பயந்து அவன் நட்ட சோலார் விளக்கு அது. விடியும்வரை எரியும். நரியும் அண்டாது என்று பட்டியை அதன் கீழே கொண்டுவந்தவள் வீரம்மாதான். தன் மீதான அந்த எரிச்சலும் பேச்சில் சேர்ந்துகொண்டது.

மிருக வைத்தியர் யதுர்ஷிகா வந்து மறிகளைச் சோதித்தாள்.

"நோய் ஒண்டும் இல்லையக்கா. மெலற்றோனின் எண்டு ஒரு சுரப்பு இருக்கு. இருட்டிலதான் ஊறும். இரவு எவ்வளவு நீளம் எண்டு ஆட்டின்ர உடம்புக்குச் சொல்லுறது அதுதான். விடியுமட்டும் வெளிச்சம் பட்டால் அது குறையும், சினைக்கு வாற ஒழுங்கும் குழம்பலாம்."

"அப்ப லைற்தான் காரணமோ, டொக்டர்?"

"எங்கட நாட்டு ஆடுகளுக்கு உது எவ்வளவு தாக்குமெண்டு உறுதியாச் சொல்லேலாது. இருட்டில விட்டுப் பாருங்கோ. ஆனா உடன மாறாது, கிழமைக் கணக்கில எடுக்கும்."

விளக்கை அணைக்கச் சிவராசா சம்மதிக்கவில்லை. "யானை வந்து வீட்டை இடிச்சால் டொக்டரோ வந்து கட்டித் தருவா?"

அதிலும் பிழையில்லை. வீரம்மா பட்டியைச் சுற்றிப் பச்சைப் பனையோலை கட்டினாள். மறிகள் இழுத்துத் தின்றன. தறப்பாள் கட்டினாள். காற்றில்லாமல் அவை வாயைத் திறந்து இளைத்தன. கடைசியில், வெளிச்சம் படாத வீட்டின் பின்பக்கத்துக்குப் பட்டியை மாற்ற, கட்டை நட அலவாங்கால் குழி தோண்டத் தொடங்கினாள்.

முதல் கட்டையை நட்டுக்கொண்டிருக்கும்போது பரமலிங்கம் கயிற்றோடு வந்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் விடுங்கோ அண்ணை. ஆடுகள் இருட்டுக்குப் பழகட்டும்."

"இருட்டுக்குப் பழக ஆடென்ன தியேட்டருக்கோ போகுது? ஞானேஸ்வரி தன்ர முறையெண்டு நேற்றே வந்து சண்டை பிடிச்சிட்டா, பிள்ளை."

கிடாய் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் பின்னால் போயிற்று.

"கிடாய்தான் போயிட்டுதே. இனி என்னத்துக்குக் குழி?" என்றான் சிவராசா.

"அடுத்த முறைக்கு வரேக்கயும் வந்து படுத்துக் கிடக்கவோ? வாயை விட்டிட்டு அலவாங்கைப் பிடியுங்கோ."