கன்பராவின் வயிறு திறந்தபோது

கன்பரா என்ற, குண்டு போடும் பழைய ஜெட் பொம்பரில் இன்னும் பறக்கக்கூடியவை உலகத்தில் ஒருசிலதான் மிஞ்சியிருக்கின்றனவாம். போனில் இருந்ததை மகள் டேனிஷில் வாசித்துக் காட்டிவிட்டு, "பாவம்" என்றாள். பொம்பருக்காக இரங்கும் பிள்ளையைப் பெற்றிருக்கிறேன். அந்தப் பாவத்துக்குப் பயந்துதான் நான் ஒருமுறை பொல்சே என்கிற டேனிஷ் சொசேஜ் விற்கும் வண்டிக்குக் கீழே கிடந்தேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்பா ஆறு வருடம் முன்பே வந்து தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் போன பிறகுதான் எங்கள் வானத்தில் பொம்பர்கள் வரத் தொடங்கின. எனக்குத் தெரிந்த அப்பா ஒரு புகைப்படமும் கொஞ்சக் கடிதங்களும்தான். அந்த மனிதரிடம் எப்படியாவது பெரிய ஆள் என்று பெயர் எடுத்துவிட வேண்டும் என்பது என் இலட்சியம். அவருக்கோ என்னோடு என்ன கதைப்பதென்று தெரியவில்லை. பெடியங்களுக்குப் பிளேன் பிடிக்கும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விமானக் கண்காட்சிக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனார்.

"பயப்பிடமாட்டாய்தானே?"

"நானோ? சத்தத்தை வைச்சே என்ன பிளேன் எண்டு சொல்லுவன்."

அப்பா மகிழ்ந்துபோய் எனக்கொரு பொல்சே வாங்கித் தந்தார். சிவப்புச் சொசேஜ், நல்ல நீளம். முதல் கடி கடிக்கும்போது கன்பரா வந்தது. தாழப் பறந்து, சனத்துக்கு வேடிக்கை காட்டுவதற்காக வயிற்றுக் கதவுகளைத் திறந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"போடப்போறான்! விழுந்து படுங்கோ!" என்று நான் சுத்தத் தமிழில் டென்மார்க்கையே எச்சரித்துவிட்டு வண்டிக்குக் கீழே பாய்ந்தேன். குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, காதுகளுக்குள் விரல்களை விட்டேன். பல்லுக்கிடையில் எதையாவது கடிக்க வேண்டும் என்பது விதி. பொல்சே இருந்தது. விற்கிற பெண் குனிந்து பார்த்து, கெச்சப் வேண்டுமா என்று கேட்டாள்.

என் பெரிய ஆள் பட்டம் அந்த இடத்திலேயே பறந்துபோனது. அப்போதுதான் அப்பாவும் புதுக் கோட்டோடு தவழ்ந்து என் பக்கத்தில் வந்தார்.

"எப்பிடிப் படுக்கிறது?"

"நெஞ்சு நிலத்தில முட்டக்கூடாது. அதிரும். வாயில எதையும் கடியுங்கோ."

மிச்சப் பொல்சேயில் பாதியைக் கொடுத்தேன். அதை வாயில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஆர் இதெல்லாம் காட்டித் தந்தது?"

"பள்ளிக்கூடத்தில."

"அம்மாவும் இப்பிடித்தான் படுப்பாவோ?"

"இல்லையப்பா. அம்மா எனக்கு மேல படுப்பா."

கன்பரா போய்விட்டது. நான் வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டேன். அப்பா எழும்பவில்லை. முகத்தைப் புல்லில் வைத்தபடி கிடந்தார். "பிளேன் போயிட்டுது, வாங்கோ" என்று இரண்டு முறை கூப்பிட்டேன். அடடா, இவர் என்னிலும் பயந்தவர் என்று எனக்குப் பெரிய நிம்மதி.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் முதலில் அதைத்தான் சொன்னேன்: "அப்பா சரியான பயந்தாங்கொள்ளி. பொம்பர் போனபிறகும் எழும்பேல்லை."

அம்மா சிரிக்கவில்லை. அப்பாவின் கோட்டிலிருந்த மண்ணைக் கையால் தட்டிக்கொண்டே நின்றா. புதுக் கோட்டுப் பழுதாகிவிட்ட கோபமாக்கும் என்று நினைத்து, நான் விளையாடப் போய்விட்டேன்.