மஹாதேவனின் இடது கண்

கிடர்பூர் துறைமுகத்தில் கன்டெய்னர் எண்களைச் சரிபார்ப்பது மஹாதேவனின் வேலை. இருபத்தாறு வருடமாக லாரிப் புழுதியில் நின்று, எட்ட இருந்தே எண்ணைப் படித்துச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

போன வருட மழைக்காலத்தில் அவருக்கு இடது கண் சிவந்து கண்வலி வந்தது. டாக்டர் ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். கிருமியைக் கொல்லும் மருந்தும் ஸ்டீராய்டும் கலந்தது அது. ஏழு நாள் போட்டுவிட்டு வந்து காட்டச் சொன்னார். மூன்றாம் நாளே சிவப்பு வடிந்துவிட்டதால் மஹாதேவன் திரும்பிப் போகவில்லை. ஆனால் மருந்தை விடவும் இல்லை. தூசியில் கண் உறுத்தும்போதெல்லாம் பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிக்கொண்டார்.

"இன்னும் எத்தனை நாளைக்கு இதைப் போட்டுண்டிருக்கப் போறேள்?" என்று மனைவி வத்சலா கேட்டாள்.

"போட்டா இதமா இருக்கு. டாக்டர் குடுத்த மருந்துதானே?"

பதினான்கு மாதம் கழித்து, ஒரு காலை, கன்டெய்னர்கள் அடுக்கும் யார்டின் வாசலில் இடப்பக்கமிருந்து வந்த கைவண்டி அவரை இடித்துத் தள்ளியது. "அவ்வளவு கத்தினேனே தாதா, வண்டியைப் பாக்கலையா?" என்று வங்காளி வண்டிக்காரர் பதறினார்; 'தாதா' என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். உண்மையிலேயே அவர் பார்க்கவில்லை. எழுந்து, வலது கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தார். எதிரே இருந்த கன்டெய்னரின் நடு எண்கள் மட்டும் தெரிந்தன. சுற்றிலும் ஒன்றுமில்லை.

கண் ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் கண்ணின் அழுத்தத்தை அளந்தார். பதினான்கு மாதக் கதையைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஸ்டீராய்டை விடாம போட்டா சிலருக்குக் கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறும். வலிக்காது. நரம்பு கொஞ்சம் கொஞ்சமா செத்துப் போகும். போன பார்வை திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தலாம்."

மஹாதேவன் பயந்துபோனார். தன் கண்ணை நினைத்து மட்டுமல்ல. கிரேன் ஓட்டும் தபனுக்கு ஆறு மாதத்துக்கு முன் கண் சிவந்தபோது, தன் பையிலிருந்த குப்பியையே எடுத்துக் கொடுத்திருந்தார்.

மறுநாள் தபனிடம் போய் நின்றார். "அந்த மருந்தை இன்னும் போடறியா?"

"ஆமா. நீங்கதானே குடுத்தீங்க, தாதா. தீர்ந்ததும் நானே வாங்கிக்கிட்டேன்."

"தெரியாம குடுத்துட்டேன். என் கண்ணு போச்சு. கிளம்பு, இப்பவே டாக்டர்கிட்ட போகலாம்."

தபனுக்கும் அழுத்தம் ஏறியிருந்தது. நரம்பு மட்டும் தப்பியிருந்தது. அந்த மருந்தை டாக்டர் படிப்படியாக நிறுத்தினார். இரண்டு மாதத்தில் அழுத்தம் இறங்கியது. ஆஸ்பத்திரி வரிசையில் காத்திருந்த ஒவ்வொரு முறையும் மஹாதேவன் அவன் கூடவே உட்கார்ந்திருந்தார்.

யார்டு வேலையை அவரால் தொடர முடியவில்லை. அலுவலகத்தில் காகித வேலை கொடுத்தார்கள். அழுத்தத்தைக் குறைக்கும் வேறொரு மருந்தைத் தினமும் அவர் கண்ணில் வத்சலாதான் விடுகிறாள். "அப்பவே சொன்னேனே" என்று அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில், அடுத்து டாக்டரிடம் போக வேண்டிய தேதியை அவள் காலண்டரில் பார்த்துச் சொல்கிறாள்.