முப்பத்தேழு ஊர்களில் பிறந்தவன்

மில்லான் பிறந்தது காசெரெஸில். அதற்கு இரண்டு வாரம் முன்பு அவன் மெதெய்யினில் பிறந்திருந்தான். அந்த வருடம் ஈஸ்டருக்குள் இன்னும் நான்கு ஊர்களில் பிறந்துவிட்டான். எல்லாவற்றையும் சிலுவையில் கை வைத்து, கண்ணிமைக்காமல் சத்தியம் செய்து சொன்னான். சொல்வது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவன் சொல்லி முடிப்பதற்குள் நானே அந்த ஊர்க் கிணற்றில் தண்ணீர் இறைத்துவிட்டு வந்ததுபோல் இருக்கும்.

என் பெயர் மென்சியா. செவிலில் பெரிய கோவில் படிக்கட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஒயின் கடை வைத்திருக்கிறேன். அந்தப் படிக்கட்டில் குதிரை விற்பார்கள், பட்டு விற்பார்கள், செய்தி விற்பார்கள். மில்லான் சாட்சி விற்றான்.

பெருங்கடலுக்கு அப்பால் புதிதாகக் கண்டுபிடித்த அக்கரைச் சீமைக்குக் கப்பல் ஏற வேண்டுமென்றால் ஆற்றங்கரை எழுத்தரிடம் பதிய வேண்டும். இன்ன ஊரில் பிறந்தேன், பெற்றோர் பரம்பரைக் கிறிஸ்தவர்கள், வம்சத்தில் யூதரும் இல்லை, மூர் முஸ்லிமும் இல்லை, எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆகியிருந்தால் மனைவி சம்மதித்துவிட்டாள் என்று சொல்ல வேண்டும். ஆமாம் என்று சத்தியம் செய்ய அதே ஊர்க்காரன் ஒருவன் வேண்டும். பத்து நாள் நடந்து செவில் வந்து சேர்ந்தவன் ஊர்க்காரனுக்கு எங்கே போவான்? மில்லானிடம் போவான். ஒரு தட்டு பொரித்த மீனும் ஒரு ஜாடி ஒயினும் வாங்கிக் கொடுத்தால் போதும். சாப்பிட்டு முடிப்பதற்குள் மில்லான் அவன் ஊரில் பிறந்து, வளர்ந்து, அவன் தாத்தாவின் பிணத்தையும் தூக்கியிருப்பான்.

மீன் என் கடை மீன் என்பதால் பேச்செல்லாம் என் காது வழியாகத்தான் போகும்.

"எதுக்குப் போறே, தம்பி?" என்று கேட்பான்.

"பொன் எடுக்க."

"அதை எழுத்தர்கிட்ட சொல்லித் தொலைக்காதே. அங்க உள்ள ஆன்மாக்களைக் கரையேத்தப் போறேன்னு சொல்லு. எங்க, ஒரு தடவை சொல்லிக் காட்டு. மூஞ்சியைக் கொஞ்சம் வாட்டமா வச்சுக்க. மீனைப் பாக்காதே."

கடைசி மகனாகப் பிறந்து, நிலமெல்லாம் அண்ணனுக்குப் போய்விட, தாத்தாவின் துருப்பிடித்த வாளோடு வந்தவர்கள் பலர். இளமை திரும்பும் ஊற்று ஒன்று அங்கே இருக்கிறதாமே என்று கேட்டபடி அறுபது வயதுக்காரர் ஒருவர் வந்தார். மனைவிக்குப் பத்தொன்பது. உண்மையிலேயே ஆன்மாக்களுக்காகப் போன ஒரே ஒரு துறவியும் வந்தார். வயிற்றுக் கோளாறு என்று மீனைத் தொடவில்லை. சுவேரோ என்று ஒரு தையல்காரன் வந்தான். அவனுக்குப் பொன்கூட வேண்டாம், யாராவது தன்னை 'தோன் சுவேரோ' என்று மரியாதையாகக் கூப்பிட்டால் போதும். நாங்கள் சிரித்த சிரிப்பில் அவன் காது சிவந்துவிட்டது.

பஸ்தியானும் வந்தான். அவன் என் புருஷன். என் கண்ணில் படாமல் வேறு கடையில் மீன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஒரு காலையில் ஒயின் ஊற்றும் தோல் பை வாங்கப் போனவன் திரும்பவில்லை. மூன்றாம் நாள்தான் அவன் ஏறிய கப்பல் கடலைத் தொட்டுவிட்டது என்று தெரிந்தது. அகப்பையோடு படிக்கட்டுக்குப் போனேன்.

"யோவ் மில்லான்! பஸ்தியானுக்குக் கல்யாணம் ஆகலேன்னு சத்தியம் பண்ணியா?"

"பண்ணினேன் தாயி."

"எங்க கல்யாணத்துல நீ ரெண்டு தட்டு பன்றிக்கறி தின்னியேடா!"

"கறி நல்லா இருந்துச்சு. அதை நான் எங்க மறுத்தேன்?"

அவன் இடது புருவத்தில் இருக்கும் தழும்பு அப்போது வந்ததுதான். மறுநாள் பஸ்தியான் வாங்கப் போன தோல் பைகளை மில்லானே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்து கடையில் இறக்கினான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூலை மேசையில் உட்கார்ந்து கொண்டைக்கடலைக் கஞ்சி கேட்டான். அன்றிலிருந்து எட்டு வருடமாக அந்த மேசை அவனுடையது. பஸ்தியான் அக்கரையில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று பிறகு செய்தி வந்தது. அவளும் ஒயின் கடைக்காரியாம். அத்தனை பெரிய கடலைத் தாண்டிப் போயும் அந்த ஆளுக்குக் கற்பனை போதவில்லை.

பெருவிலிருந்து வண்டி வண்டியாகப் பொன் வந்து செவிலே பைத்தியம் பிடித்துத் திரிந்த வருடம் மில்லான் மீனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் ஒரு கடிதம் வந்தது. அதுதான் அவனை ஆட்டிவிட்டது.

எழுதியது அந்தத் தையல்காரன் சுவேரோ. ஒரு பாதிரியார் என் கடையில் உட்கார்ந்து படித்துக் காட்டினார். அவன் அங்கே ஒரு ஊர் உண்டாக்கியிருக்கிறானாம். சிலுவை நட்டாகிவிட்டது, சதுக்கம் அளந்தாகிவிட்டது, வீடுகள் பன்னிரண்டு. 'உன் சத்தியம் இல்லாவிட்டால் நான் இன்னும் காற்சட்டை தைத்துக்கொண்டிருப்பேன். ஆகவே ஊருக்கு உன் பெயரையே வைத்தேன். சான் மில்லான், புனித மில்லான்.'

பாதிரியாரை மில்லான் ஏழு முறை படிக்க வைத்தான். ஏழாம் முறை அவர் ஒயின் கேட்டார்.

நான் சிரிக்கவில்லை. அவன் உண்மையில் எங்கிருந்து வந்தான் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், திரியானாவில், கோவில் வாசலில் மீன் கூடையில் கிடந்தவன் அவன். அன்றைக்குப் புனித மில்லானின் திருநாள் என்பதால் அந்தப் பெயர். எங்கள் தெருக் குயவன் வீட்டில் வளர்ந்தான். எல்லோருக்கும் ஊர் கொடுத்தவனுக்குச் சொந்தமாக ஒரு ஊர் கிடையாது. இப்போது பன்னிரண்டு வீட்டோடு ஒன்று கிடைத்திருக்கிறது.

"நான் போறேன், மென்சியா. என் ஊரைப் பாத்துட்டு அங்கேயே சாகறேன்."

"மீன் கிடைக்குமா அங்க?"

"என் ஊர்ல எல்லாம் கிடைக்கும்."

சந்தையில் தானியம் வாங்குவதுபோல் பேரம் பேசி ஒரு சிறிய வெண்கல மணி வாங்கினான். சான் மில்லான் கோவிலுக்காம். என் கடையில் உட்கார்ந்து சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

எழுத்தரிடம் பதியப் போனபோது வாழ்க்கையில் முதல் முறையாக உண்மையைச் சொல்லியிருக்கிறான். திரியானா, கோவில் வாசல், மீன் கூடை. எழுத்தர் பழைய ஏடுகளை எடுத்துப் புரட்டினார். பாலோஸில் பிறந்த மில்லான், மோகேரில் பிறந்த மில்லான், ஆவிலாவில் பிறந்த மில்லான். விரல் விட்டு எண்ணினார். முப்பத்தேழு.

"கசையடி கொடுக்கணும் உனக்கு," என்றாராம். "ஆனா முப்பத்தேழு தடவையும் கேட்டு எழுதினவன் யாருன்னு மேல இருந்து கேப்பாங்க. அதனால நான் எதையும் பாக்கலை. நாக்கு சுத்தமான ஆள் ஒருத்தரைக் கூட்டிட்டு வா. நீ யாருன்னு அந்த ஆள் சத்தியம் பண்ணட்டும். அதுதான் கடைசி வார்த்தை."

நேராக என்னிடம் வந்து நின்றான்.

"நாளைக்கு வர்றியா? உன்னைவிட்டா எனக்கு யாரு இருக்கா?"

"எம் புருஷனை அனுப்பி வச்சவனுக்கு நான் சாட்சி சொல்லணும்?"

"அடிச்சுட்டியே அதுக்கு. புருவத்தைப் பாரு."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்று மதியமே கார்சி என்ற மாலுமி அக்கரையிலிருந்து வந்து இறங்கி, நேராக என் கடைக்கு வந்தான். மில்லான் கப்பலில் விரித்துப் படுக்கப் பாய் வாங்கப் போயிருந்தான். சான் மில்லானைப் பார்த்தாயா என்று சும்மாதான் கேட்டேன்.

"அந்தத் தையக்காரன் ஊரா? அங்க இப்ப பூசணிக் கொடிதான் படருது. அந்த மண்ணுக்குச் சொந்தக்காரங்களோட சோளத்தைப் பூராவும் இவனுங்க வாரிக்கிட்டானுங்க. ஒரு நாள் காலையில அந்தச் சனங்க வந்து ஊரையே கொளுத்திட்டாங்க. சுவேரோ போட்ட சட்டையோட ஓடி வந்து, சான்தோ தொமிங்கோ துறைமுகத்துல மறுபடியும் காற்சட்டை தைக்கிறான்."

"கொளுத்தாம என்ன பண்ணுவாங்க? யாரோ வந்து என் கடையை அளந்து, வேற பேர் வச்சா நான் கும்பிட்டுட்டா நிப்பேன்? அந்த இடத்துக்கு முன்னாடி என்ன பேரு?"

"யாரு கேட்டா?" என்றான் கார்சி.

மில்லான் பாயோடு வந்தான். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அவன் மணியை எடுத்து ஒரு முறை ஆட்டிக் காட்டி, "கேட்டியா? பன்னெண்டு வீட்டுக்கும் கேக்கும்," என்றான். சொன்னால் அவனுக்கு இருக்கும் ஒரே ஊரும் போய்விடும். சொல்லாவிட்டால், கிழவன் மூன்று மாதம் கடலில் வாந்தி எடுத்துப் போய்ப் பூசணிக் கொடிக்கு மணி அடிப்பான். தவிர, மூலை மேசை காலியாக இருப்பதை நினைத்தாலே எனக்கு எரிச்சலாக வந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் எழுத்தர் முன்னால் சிலுவையில் கை வைத்தேன்.

"இந்த ஆள் யாரு?"

"மில்லான். திரியானாக்காரன். கோவில் வாசல்ல கிடந்து எடுத்த பிள்ளை."

மில்லான் முகம் மலர்ந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என் புருஷன், ஐயா."

எழுத்தரின் இறகு நின்றது.

"அக்கரைக்குப் போக இவனுக்குச் சம்மதம் கொடுக்கறியாம்மா?"

"கொடுக்க மாட்டேன்."

"ஐயா, பொய்! பச்சைப் பொய்!" என்று கத்தினான் மில்லான். "சிலுவை மேல கை வச்சு எப்படி வாய் கூசாம சொல்றா பாருங்க!"

எழுத்தர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முப்பத்தேழு ஊர்க்காரன் பேச்சை நம்பவா, ஒரே ஊர்க்காரி பேச்சை நம்பவா? கல்யாணத்துக்கு ஏதாவது அத்தாட்சி உண்டாம்மா?"

"என் கல்யாணத்துல ரெண்டு தட்டு பன்றிக்கறி தின்னாரு. கேளுங்க."

"தின்னியா?"

"தின்னேன், ஆனா..."

"போதும்," என்று எழுத்தர் எழுதிக்கொண்டார்.

அந்தச் சத்தியத்துக்காகப் பாவமன்னிப்புக் கேட்டுவிட்டேன். பாதிரியார் நாற்பது முறை ஜெபம் சொல்லச் சொன்னார். அதிகம்தான். மில்லான் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் கஞ்சி மட்டும் நேரத்துக்கு வந்து குடித்தான். பிறகு ஒரு நாள் மணியைக் கொண்டுவந்து என் கடை வாசலில் ஆணி அடித்து மாட்டினான். "பஸ்தியானுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு," என்றான். பழி வாங்கினேன் என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்கரையிலிருந்து வரும் மாலுமி எவனானாலும் இப்போது நான் வாசலிலேயே மறித்துவிடுவேன். "உள்ள மூலையில புருவத்துல தழும்போட ஒருத்தர் இருப்பாரு. சான் மில்லான் பாத்தியான்னு கேப்பாரு. பாத்தேன்னு சொல்லு. முதல் கோப்பை சும்மா." இப்படியே ஊருக்கு நாற்பது வீடும் ஒரு மாவு ஆலையும் வந்துவிட்டன. ஒரு போர்த்துகீசியன் மட்டும் பேராயரையும் சேர்த்துக்கொண்டான். அவனுக்கு இரண்டாவது கோப்பை கொடுக்கவில்லை.

போன வாரம் வந்த வடக்கத்திப் பையன் வழியிலேயே இருக்கும் கேனரித் தீவைக்கூடத் தாண்டியதில்லை. ஆனாலும் சான் மில்லான் கிணற்றில் தண்ணீர் குடித்தேன் என்று மில்லானிடம் அடித்துச் சொன்னான். கிணறு கோவிலுக்கு வலது பக்கமாம். நான் பீப்பாய்க்குப் பின்னால் மறைந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மில்லான் தன் தட்டிலிருந்த மீனில் பாதியை அவன் பக்கம் தள்ளினான்.

"இடது பக்கம், தம்பி," என்றான் மெதுவாக. "போன மாசம் வந்தவன் இடது பக்கம்னு சொல்லிட்டான். மென்சியா அதை ஞாபகம் வச்சிருப்பா. இன்னொரு தடவை சொல்லு பாப்போம். மீனைப் பாக்காதே."