நைனாவின் ஊர்க்காரன்

என்னோடு டிராகனைக் கொல்ல வரவேண்டிய நைனா, கடைசிவரை ஒரு மாந்தோப்பைத் தாண்டவில்லை. இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஊரடங்கின்போது நடந்தது இது. ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரியில் தறிகள் நின்றிருந்தன. பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த அண்ணன், ஹாஸ்டலில் கற்றுக்கொண்ட ஒரு விளையாட்டோடு வீட்டுக்கு வந்திருந்தான். ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, பல முகப் பகடைகளை உருட்டி, அவன் சொல்லும் கதைக்குள் போகவேண்டும். ஆடுவதற்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டுமாம். அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். பள்ளிப்பட்டில் கட்டிக்கொடுத்த அக்காவுக்கு நிறைமாதம். தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர முடியாமல் தமிழ்நாட்டு எல்லையை அடைத்துவிட்டார்களே என்று அம்மாவுக்கு எந்நேரமும் அதே புலம்பல். மிச்சம் நைனாதான்.

நான் வாள்வீராங்கனை. வீரன், மந்திரவாதி, வில்லாளி, இதில் யாராக வேண்டுமென்று அண்ணன் கேட்டதற்கு நைனா, "ஊர்க்காரன் ஒருத்தன போடு" என்றார்.

"ஊர்க்காரன் கதையில சும்மா நிக்கிறவன் நைனா. ஆட மாட்டான்."

"அவனும் சோறு துன்றவந்தானே, போடு."

பலம், புத்தி, மந்திரம் என்று பிரித்துப் போடவேண்டிய புள்ளிகளை எல்லாம், யார் கண்ணிலும் படாமல் நடக்கும் திறமையிலேயே கொண்டுபோய்க் கொட்டினார். வாள் வேண்டாமாம். குதிரையும் வேண்டாம், அது சத்தம் போடுமாம். தண்ணீர் பாட்டில் கேட்டார். இது ராஜா காலம் என்று அண்ணன் சொன்னதும், அப்படியானால் சொம்பு என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

டிராகன் மலை கிழக்கே இருந்தது. ஊர்க்காரன் மேற்கே போனான். அங்கே பக்கத்து ராஜ்ஜியத்தின் காவல்சாவடி.

"காவக்காரங்க எத்தினி மணிக்கு மாத்துவாங்க? சாவடிக்கு இந்தாண்ட மாந்தோப்பு இருக்குதா? தோப்புக்குள்ள ஒரு பொம்பள மெதுவா நடந்துக்கினு வந்தா வெளிய தெரியுமா?"

என் வீராங்கனை மலையடிவாரத்தில் கால் கடுக்க நின்றிருந்தாள்.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அண்ணன் கடைசிக் கேள்வியில் நைனாவை நிமிர்ந்து பார்த்தான். அதன்பிறகு பகடையைத் தொடவே இல்லை.

"விடிகாலைல போனா தெரியாது நைனா. தோப்பு வரைக்கும் கொண்டாந்து வுட அந்தாண்ட ஆளு இருக்குது. இந்தாண்ட நான் வண்டியோட நிக்கிறேன்."

கதை சொல்கிறவன் கதைக்குள் வரலாமா, ராஜா காலத்தில் வண்டி ஏது, இது அழுகுணி ஆட்டம் என்று நான் கத்தினேன். இரண்டு பேரும் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

மறுநாள் நான் எழுந்தபோது இருவரும் வீட்டில் இல்லை. பாதி ஆட்டத்தில் ஓடிவிட்டார்களே என்று பகடைகளை மடியில் வைத்துக்கொண்டு கறுவிக்கொண்டிருந்தேன். அம்மா அண்டா நிறைய வெந்நீர் வைத்துவிட்டு, அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். வெயில் ஏறும் முன் பின்கதவு வழியாக அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். காலெல்லாம் சேறு. அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பின்னாலேயே அண்ணனும், தண்ணீர் பாட்டிலோடு நைனாவும் வந்தார்கள்.

அக்கா வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் டிராகன் இன்னும் உயிரோடு இருக்கிறதே. நைனாவிடம் பகடையை நீட்டினேன்.

"என் ஆளு ஆட்டம் முடிஞ்சிச்சிமா" என்று சொல்லிவிட்டு, கால்கூடக் கழுவாமல் பாயில் சாய்ந்து தூங்கிப்போனார்.

டிராகன் இருக்கும் பக்கமே போகாத மனிதர் ஜெயித்த மாதிரி தூங்குகிறாரே என்று, அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.