உயிரோடு இருந்த அப்பாவுக்கு மாலை

புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்கிற அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்து வைத்தபோது அந்த போன் வந்தது. எங்கள் மாதா கோயில் அன்ரி ஒருவர். எடுத்த எடுப்பிலேயே அழுகை.

"பிள்ளை, எப்ப நடந்தது? ஏன் எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"என்ன நடந்தது அன்ரி?"

"அப்பா..."

போனை வைத்துவிட்டு உடனே அம்மாவுக்கு அடித்தேன். அப்பா குசினியில் இருந்து பாணும் சம்பலும் சாப்பிடுகிறாராம். போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு ஆத்திரமும் வந்தது. அன்ரியைத் திரும்ப எடுத்து, வாயில் வந்ததைக் கேட்டேன்.

"என்னை ஏன் பேசுறாய்? நான் ரீவியில பாத்தனான். தம்பியின்ர நாடகத்தில அப்பாவின்ர படம், பெரிய மாலை, முன்னால விளக்கு. உயிரோட இருக்கிற தேப்பன்ர படத்துக்கு ஆரும் மாலை போடுவினமே?"

அன்ரி கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் ஆட்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மாலை போட்ட படம் என்றால் ஆள் இல்லை என்று. தெரியாத ஒரே ஒருத்தன் என் தம்பி. கண்டறியாத நடிகன்!

அவன் இங்கேயே, சென்ட் லோரன்ட்டில் பிறந்தவன். பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், கோயில் மண்டபத்தில் பாலன் பிறப்பு நத்தார் நாடகத்தில் ஒரு ராஜா வேஷம். அந்த வேஷத்தோடு பிடித்த பைத்தியம். எஞ்சினியரிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனான். அப்பா வைத்த பெயரில் பாதியை வெட்டி எறிந்தான். அமெரிக்கக் குடியுரிமையும் எடுத்தான். முதல் படத்தில் ரக்சி ஓட்டினான். பிடரி மட்டும்தான் தெரிந்தது. அடுத்ததில் கடைக்காரன், கதை தொடங்க முன்னமே சுட்டுவிட்டார்கள். பிறகு கம்ப்யூட்டர் திருடன், பிறகு "மன்னிக்கவும், எங்களால் காப்பாற்ற முடியவில்லை" என்று சொல்லிப்போட்டு மறைந்துவிடுகிற டொக்டர். தொழிற்சாலையில் விமானப் பாகங்களைப் பூட்டிவிட்டு வருகிற அப்பா, உடுப்பு மாற்றாமல் ரீவிக்கு முன்னால் இருந்து அந்தப் பிடரியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். "வடிவாச் செய்யிறான் என்ன?" என்பார். பிடரியில் என்ன வடிவு!

இப்போது அவனுக்கு ஒரு தொடரில் பெரிய வேஷம். நியூயோர்க்கில் ஒரு வக்கீல். தகப்பன் இறந்துபோன துக்கத்தில் இருக்கிறவன். அன்று வேலை முடிந்து வந்து பார்த்தேன். வக்கீலின் வீட்டுச் சுவரில் என் கல்யாணத்தில் எடுத்த படம். கோட் போட்ட அப்பா, வெட்கச் சிரிப்பு. பக்கத்தில் நின்ற பொம்பிளையை, அதாவது என்னை, வெட்டிவிட்டான். செவ்வந்தி மாலையைத் தன் கையாலேயே போட்டுவிட்டு நின்று அழுதான். நான் ரீவியைப் பார்த்து, "நாசமாப் போவானே" என்று கத்தியதில் என் பிள்ளைகள் மாடியிலிருந்து ஓடி வந்தார்கள்.

வேறு நேரம் என்றால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அடுத்த மாதம் அப்பாவுக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன். செய்யாவிட்டால் பொறுப்பில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். பயந்து பயந்து நின்ற மனிசனைக் கெஞ்சி, வெருட்டி, ஒருமாதிரிச் சம்மதிக்க வைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் கவிழ்ந்தது. அன்ரியின் வாயை நான் அடைக்க முன்னமே யாரோ ஒரு புண்ணியவான் அப்பாவின் பெயரைக் கோயிலில் இறந்தவர்களுக்கான பூசைக்குக் கொடுத்துவிட்டார். சுவாமி ஊரிலிருந்து புதிதாக வந்தவர், எங்களைத் தெரியாது. அப்பாவின் முழுப் பெயரையும் வாசித்து, அன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுவோம் என்றார். அன்னார் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். சனம் "ஆமென்" என்றது. பழக்கதோஷத்தில் அப்பாவும் "ஆமென்" என்றார். முன் வாங்கில் இருந்த ஒரு பொம்பிளை திரும்பிப் பார்த்து, "மாதாவே!" என்று அலறினாள்.

வீட்டுக்கு வந்து, அப்பா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: "பிள்ளை, ஒப்பரேஷன் வேண்டாம். கோயில்லயே வாசிச்சுப் போட்டினம்."

அம்மா அதற்கு மேல். "அந்தப் படத்தை இறக்காமல் இவரை நான் ஆஸ்பத்திரிக்கு விடமாட்டன்."

அங்கேயே, அவர்களின் குசினியில் நின்று தம்பிக்கு அடித்தேன். அம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"எடேய், உனக்கென்ன விசரே? அப்பாவைச் சாக்காட்டிப் போட்டாய்!"

"அக்கா, அது சும்மா செட்டில வைக்கிற சாமான்."

"அப்பா உனக்குச் சாமானோ?"

"கொஞ்சம் கேளுங்கோவன். அவங்கள் தலைப்பாகை கட்டின ஆரோ ஒரு ஆளின்ர படத்தைக் கொண்டு வந்து, இதுதான் உன்ர அப்பா எண்டாங்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. என்ர அப்பா இவர்தான் எண்டு, என்ர மேசையில இருந்த படத்தைக் கொண்டுபோய்க் குடுத்தனான்."

அந்த ரோஷம் எனக்கும் விளங்கியது. நானாக இருந்தாலும் அந்தத் தலைப்பாகைக்காரனைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் மாலையைக் கையில் தந்தபோது இவன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

"சரி, குடுத்தது குடுத்தாய். இப்ப இறக்கச் சொல்லு."

"ஏலாது அக்கா. எடுத்த காட்சி எல்லாத்திலயும் அந்தச் சுவரில இருக்கு. இடையில எடுத்தா கதை குழம்பிப் போம்."

"கதை குழம்பட்டும்! இஞ்ச மனிசன் ஒப்பரேஷன் வேண்டாமெண்டு நிக்கிறார். வந்து முகத்துக்கு நேரே நிண்டு கதை."

"ஷூட்டிங் அக்கா, இப்ப..."

"மண்ணாங்கட்டி ஷூட்டிங்!"

அப்பா கையை நீட்டினார். போனை வாங்கி வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, தொழிற்சாலையில் மேலாளரோடு கதைக்கிற மாதிரி மரியாதையாகக் கேட்டார்.

"தம்பி, அந்தக் கதையில நான் என்னெண்டு செத்தனான்?"

"நெஞ்சு வருத்தம் அப்பா, ஹார்ட் அற்றாக்."

"செத்தவீட்டுக்கு நீ வந்தனியோ?"

"இல்லை அப்பா. வேலையெண்டு வராமல் விட்டிட்டன். அதுதான் முழுக் கதையும். அதை நினைச்சுத்தான் அந்தப் படத்துக்கு முன்னால நிண்டு அழுறன்."

அம்மா சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா மட்டும் தலையை ஆட்டினார், ஒரு கணக்கு விளங்கின மாதிரி.

"சரி. அது ஆரோ எழுதினது. நீ வா. நீ வந்தா நான் ஒப்பரேஷனுக்குப் போறன்."

"வாறன் அப்பா. கட்டாயம் வாறன்."

அந்த ஒரு சொல்லுக்காக மனிசன் சம்மதித்தார். அம்மாவும் படத்தை இறக்கச் சொன்ன கதையை விட்டுவிட்டார்.

ஒப்பரேஷன் நாள் காலையில் அப்பாவைத் தள்ளுகட்டிலில் ஏற்றினார்கள். பல்செட்டைக் கழற்றியிருந்ததால் அவருடைய முகமே சின்னதாகிவிட்டது. மற்றப் பக்கம் திரும்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி வந்திட்டானோ?"

"பிளேன் இறங்கிட்டுது அப்பா. வந்துகொண்டிருக்கிறான்."

பிளேனுமில்லை, ஒரு மண்ணுமில்லை. அவன் போனையே எடுக்கவில்லை. நெஞ்சைப் பிளக்கப் போகிற மனிசனுக்கு என்னைப் பொய் சொல்ல வைத்தான், படுபாவி. அப்பா சிரித்துக்கொண்டு உள்ளே போனார். பின்னேரம்வரை அம்மா செபமாலை உருட்டினார். அவனுடைய இலக்கத்தை அழுத்தி அழுத்தி என் விரல் நொந்துபோனது.

டொக்டர் வெளியே வந்து, எல்லாம் சரி, தப்பிவிட்டார் என்றார். நான் அதையே தம்பிக்கு எழுதி அனுப்பினேன். இவ்வளவு நேரமும் எடுக்காதவன் உடனே அடித்தான். ஓவென்று அழுதான். "எனக்குப் பயமா இருந்தது அக்கா, எனக்குப் பயமா இருந்தது" என்றான். எனக்குப் பயமில்லையா? அம்மாவுக்குப் பயமில்லையா?

மறுநாள் பெரிய பூங்கொத்தோடு வந்து இறங்கினான். நேர்ஸ்மார் வரிசையில் நின்று அவனோடு படம் எடுத்தார்கள். நெஞ்சு முழுக்கத் தையலோடு கிடந்த அப்பா, "என்ர மகன்" என்று அவர்களுக்குப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அப்பா நன்றாக நடக்கிறார். தம்பியைப் பற்றி நான் வாயெடுத்தாலே, "என்ன இருந்தாலும் வந்தவன் தானே பிள்ளை" என்கிறார். வந்தவன்தான். அப்பா உயிரோடு இருக்கிறார் என்று நான் எழுதின பிறகு ரிக்கெற் எடுத்து வந்தவன். நான் வேறு மாதிரி எழுத வேண்டி வந்திருந்தால் வந்திருப்பானா என்று இதுவரை அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் அழுவான். அழுகிறதற்குத்தானே அவனுக்குச் சம்பளம்.