வாசலுக்கு வந்த வெள்ளைக் கோடு

எங்கள் ஆம்பூரில் சாயங்காலக் காற்று தோல் பதனிடும் ஷாப்பு நாற்றத்தோடுதான் வரும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நாங்கள் அதைக் குறையாக நினைத்ததே இல்லை. சொல்லப்போனால் கவனித்ததே இல்லை. கவனிக்க வைத்தது கொரோனாதான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. காய்ச்சல் பார்க்க வீடு வீடாக வந்த அக்கா, என் நெற்றிக்கு நேராகக் கருவியை நீட்டிவிட்டு, "வாசனை தெரியுதா?" என்று கேட்டார். தலையாட்டி வைத்தேன். அவர் போன பிறகு சந்தேகம் பிடித்துக்கொண்டது. வாசலில் நின்று காற்றை இழுத்து இழுத்துப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து அடித்த நாற்றம் அடிக்கவில்லை.

வாசனை போனவர்களை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். எதிர்ச்சாரியில் ஒரு வீட்டின் முன்னால் வெள்ளைத் தூளைக் கொட்டித் தகரம் வைத்து அடைத்தார்கள். வேனில் ஏறிய அந்த வீட்டுத் தாத்தா திரும்பி வரவே இல்லை.

யாரிடமும் சொல்லாமல், அம்மாவிடம் ஒட்டாமல் நாட்களை ஓட்டினேன். அம்மா ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தாள். பாதி ஆட்களோடு கம்பெனி திறந்துவிட்டது, ஆனால் கம்பெனி பஸ் வரவில்லை. பக்கத்துத் தெருவில் தனியாகத் தங்கி அதே கம்பெனியில் வேலை பார்த்த அத்தை காலையில் எங்கள் வாசலில் சைக்கிள் மணியடிப்பாள். இருவரும் லாரிகளுக்கு நடுவே மிதித்துப் போவார்கள். என் கன்னத்தைக் கிள்ளாமல் அத்தை கிளம்பியதே இல்லை.

ஒரு நாள் மணி அடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. அம்மா சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு தனியாக நடந்தாள். என் கன்னத்திலிருந்துதான் அத்தைக்குத் தொற்றியிருக்கிறது என்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே அவர்கள் வந்தார்கள். முகக்கவசம் போட்ட நாலைந்து பேர், கயிறு, காலி டிரம்கள், தள்ளுவண்டி நிறைய சுண்ணாம்புத் தூள். எங்கள் வீடு லாரிகள் போகும் பெரிய தெருவில். தெருமுனையில் தொடங்கிய வெள்ளைக் கோடு ஒவ்வொரு வாசலாகத் தாண்டி எங்களை நோக்கியே வந்தது. கட்டிலுக்கு அடியில் புகுந்து அதன் காலைக் கட்டிக்கொண்டேன்.

வீட்டில் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி, தோல் ஷாப்பில் வேலை. ஷாப்பு திறக்காததால் சும்மா இருந்தவருக்குச் சண்டை ஒன்று கிடைத்தது.

"இன்னாத்துக்கு எங்க வூட்டாண்ட கோடு போடற? இங்க யாருக்கும் ஒண்ணும் கெடையாது!"

"பேஜார் பண்ணாதபா. பஸ் இல்லாம ஜனங்க நடந்தும் சைக்கிள்லயும் போவுது. கோட்டுக்கு இந்தாண்ட அவங்க, அந்தாண்ட லாரிங்க. அவ்ளோதான்."

நான் நம்பவில்லை. அழுதுகொண்டே வெளியே ஓடிவந்து, "என்னைப் புடிச்சிக்கினு போவாதீங்க! எனக்கு வாசனை தெரியல!" என்று கத்தினேன்.

கோடு போட வந்தவர்கள் சட்டென்று பின்வாங்கினார்கள். மாமா வெளிறிப்போய் என்னையே பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, கொல்லைக்கு ஓடி, தோல் ஊறும் தொட்டியில் இறங்கும்போது போடும் தன் பூட்ஸைக் கொண்டுவந்து என் மூக்கில் அழுத்தினார். குடலைப் பிடுங்கியது.

"இன்னா தெரியுது?"

"நாத்தம்!"

"ஷாப்பு மூடிக் கெடக்குது. ஊர்ல நாத்தம் எங்கேர்ந்துடா வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

சாயங்காலம் அம்மா அந்தக் கோட்டுக்கு உள்ளேயே மிதித்து வந்தாள். பல நாள் கழித்து ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

"அத்தைக்கும் ஒண்ணும் இல்லதானே? ஏன் வர்றதில்ல?"

"ஊருக்குப் போய்ட்டாங்க" என்றாள் அம்மா.

ஒரு டெம்போ அடித்து அத்தை செத்துப்போனதும், பின்னால் வந்த அம்மா அதைக் கண்ணால் பார்த்ததும் எனக்குத் தெரிய வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருந்தேன். கம்பெனிப் பெண்கள் நகராட்சி ஆபீஸ் வாசலில் சைக்கிள்களோடு நின்று கேட்டு வாங்கியதுதான் அந்தக் கோடு. வீட்டில் தெரிந்தால் மாமா வேலைக்கு விடமாட்டார் என்று அம்மா வாயைத் திறக்கவில்லை. ஒரே வீட்டுக்குள் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பயத்தை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

கோடு போட்ட அன்றைக்கு எனக்கு ஒரே குஷி. கோட்டின் மேலேயே தெருமுனை வரை நடந்து திரும்பி வந்தேன்.

"அத்தை வந்ததும் ரெண்டு பேரும் இதுல பயமில்லாம போலாம்ல மா?"

அம்மா சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டாள். ஏனோ அதை எடுத்துவிட்டு மறுபடியும் போட்டாள்.

"போலாம்" என்றாள்.