கோட்டுக்கு அப்பால் பதினேழு நொடி

அலுவலகத்தில் அவரைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. அவருக்கும் அதில் வருத்தமில்லை. விளையாட்டுச் சேனலின் மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், பத்தொன்பது வருடமாக அவர் செய்துவந்தது ஒரே வேலை. இரண்டு நாள் நடக்கும் டிராக் ரேஸை இருபத்திரண்டு நிமிடமாக வெட்டிக் கொடுப்பது.

டிராக் ரேஸ் பலருக்குத் தெரியாது. நேரான பாதை, நானூறு மீட்டர். பக்கம் பக்கமாக இரண்டு கார்கள். கம்பத்தில் பச்சை விளக்கு எரிந்ததும் பாய வேண்டும். கோட்டை முதலில் தாண்டுகிறவருக்கு வெற்றி. வளைவு இல்லை, சுற்று இல்லை, ஏழு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். அடுத்த ஜோடி வர இருபது நிமிடம் ஆகும். அதற்குள் பாதையைத் துடைப்பார்கள், சிந்திய எண்ணெய்மேல் பொடி தூவுவார்கள். அந்தக் காத்திருப்பையெல்லாம் களைந்து, ஏழு ஏழு நொடிகளாகக் கோத்து, சனிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு ஒளிபரப்புவார்கள். பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர். அவர் மனைவி அதில் ஒருவர், அதுவும் துணி தேய்த்துக்கொண்டே.

"ஏழு செகண்டுக்காக வாரம் முழுக்க உட்கார்ந்து வெட்டுறீங்க. அந்த நேரத்துல வெங்காயம் வெட்டியிருந்தா சமையலுக்காவது ஆகும்" என்பார். மருந்துக் கடையில் வேலை செய்யும் அவருக்கு, பயன் தெரியாத எந்தப் பொருள்மேலும் மரியாதை கிடையாது.

கத்திரிக்கு ஒரு விதி இருந்தது. கோடு வந்தால் வெட்டு. காரின் மூக்கு கோட்டைத் தொட்ட அதே கணத்தில் விரல் விசைமேல் விழும். பிறகு ரீப்ளே, ஜெயித்தவர் முகம், நேரப் பலகை, அடுத்த ஜோடி. பாதையில் நான்கு கேமராக்கள் உண்டு. நான்காவது, கோட்டைத் தாண்டி வெகுதூரத்தில், கார்கள் பாராசூட் விரித்து நிற்கும் இடத்தில் இருந்தது. அந்தப் படத்தை அவர் திறந்ததே இல்லை. நிற்கிற காரை யார் பார்ப்பார்கள்?

நான்காம் கேமராக்காரர் வருடத்துக்கு ஒருமுறை அலுவலகம் வந்தால் கதவிடுக்கில் தலையை நீட்டுவார். "அண்ணே, இந்த வருஷமாவது என் படம் ஏதாச்சும் போட்டீங்களா?"

"போட்டேனே. டைட்டில் வரும்போது பின்னாடி வானம் வருதே, அது உன்னோடதுதான்."

"வானம் என்னோடதா? அப்ப நான் பெரிய ஆளுதான்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

கத்திரிக்கு ஓர் ஆசை இருந்தது. நேரலை வண்டியில் இயக்குநர் நாற்காலியில் உட்கார வேண்டும். நடந்து முடிந்ததை வெட்டுவது வேறு, நடக்கும்போதே எதைக் காட்டுவது என்று தீர்மானிப்பது வேறு. மூன்று முறை கேட்டார். "டிராக் ரேஸுக்கு நேரலையா?" என்று மூன்று முறையும் சிரித்தார்கள். இந்த வருடம் இறுதிப் போட்டிக்கு முந்தின நாள், பெரிய ஆட்டம் ஒன்று மழையில் கைவிடப்பட்டு, ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் வெற்றிடமாகக் கிடந்தது. தயாரிப்பாளர் மேடம் அவரைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு லைவ் போறோம். அந்த ரேஸை அக்கு வேறு ஆணி வேறா தெரிஞ்ச ஆள் நீங்கதான். நல்லா வந்துதுன்னா அடுத்த சீசன் முழுக்க அந்த நாற்காலி உங்களுக்கு."

பத்தொன்பது வருடத்தில் மறுநாள்தான் அவர் முதல்முறையாக ரேஸ் பாதைக்குப் போனார். முதல் ஜோடி பாய்ந்தபோது நேரலை வண்டியின் தகரம் அதிர்ந்தது, கண்ணாடி டம்ளரில் டீ வட்டம் வட்டமாக நடுங்கியது. நெஞ்சுக்கூட்டில் யாரோ உள்ளங்கையால் அறைந்தது போலிருந்தது. தன் அறையில் இந்தச் சத்தத்தை இத்தனை வருடமாகக் கால்வாசி அளவில் வைத்துக் கேட்டிருக்கிறோம் என்று புரிந்தது. அதிர்ச்சியில் ஒரு நொடி விரல் அசையவில்லை. அதன்பின் சுதாரித்துக்கொண்டார். மதியம் முழுக்கத் தவறே இல்லை.

இறுதி ஓட்டம் பல் டாக்டருக்கும் ஒரு மெக்கானிக்குக்கும். பல் டாக்டர் என்பது அந்தப் பெண்ணுக்குப் பார்வையாளர்கள் வைத்த பெயர். வாரத்தில் ஐந்து நாள் பல் பிடுங்குவார், மிச்ச இரண்டு நாள் கார் ஓட்டுவார். அவருடைய அக்கா தையல் கடை வைத்திருப்பவர், பாதைப் பக்கமே வந்ததில்லை. முன்பு ஒரு பேட்டியில் அந்த அக்கா சொன்னதைக் கத்திரியே வெட்டி ஒட்டியிருந்தார்: "நேர்ல பாத்தா எனக்கு உயிரே போயிடும். டிவின்னா பயமில்ல."

பச்சை விழுந்தது. ஏழு நொடி. பல் டாக்டரின் கார் ஒரு மூக்கு முன்னால். கோடு. விரல் விழுந்தது. ரீப்ளே.

காதில் நான்காம் கேமராக்காரர் கத்தினார். "அண்ணே, நாலுக்கு வாங்க! நாலுக்கு வாங்கண்ணே!"

"இருப்பா, ரீப்ளே ஓடுது."

மெதுவாக ஓடிய அந்த ரீப்ளேயில் இரண்டு மூக்குகளும் கோட்டை நோக்கி மிதந்து வந்தன. அழகான படம். அவர் வாய்விட்டுச் சிரித்தார், உள்ளங்கையால் மேஜையைத் தட்டினார். அது முடிந்ததும்தான் இடது ஓரத்துச் சின்னத் திரையைப் பார்த்தார். ஒரே புழுதி. புழுதி அடங்கியபோது பல் டாக்டருடைய காரின் நான்கு சக்கரங்கள் வானத்தைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தன. பாராசூட் விரியாமல் கயிறாகத் திரிந்து பின்னால் கிடந்தது. ஆட்கள் மணலில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

கோடு தாண்டியதிலிருந்து பதினேழு நொடி. அந்தப் பதினேழு நொடியும் வீட்டிலிருந்தவர்கள் பல் டாக்டர் ஜெயித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கத்திரி வர்ணனையாளர் முகத்துக்கு மாறினார். அரைமணி நேரம் கழித்துச் செய்தி வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. தோள் எலும்பும் இடது மணிக்கட்டும் முறிவு. நினைவு இருக்கிறது. "நாளைக்கு எட்டு மணிக்கு ஒரு கடைவாய்ப் பல் இருக்கு, அவங்களுக்கு யாராவது போன் பண்ணிச் சொல்லுங்க" என்றாராம்.

திங்கட்கிழமை மேடம் அவர் அறைக்கே வந்தார். "எப்படிங்க அந்த நேரத்துல அவ்வளவு நிதானமா இருந்தீங்க? வேற யாரா இருந்தாலும் அதைக் காட்டித் தொலைச்சிருப்பாங்க." கையிலிருந்த சுற்றறிக்கையை மேஜைமேல் வைத்தார். ஞாயிறு நேரலையில் காட்டப்பட்ட பொறுப்புணர்வைப் பின்பற்றி, இனி எல்லா மோட்டார் பந்தய நேரலைகளிலும் விபத்து நேர்ந்தால் உடனே ரீப்ளேக்குப் போக வேண்டும் என்று அதில் இருந்தது. நாற்காலி உறுதி என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கத்திரி, தன் தவறு விதியாக அச்சாகி, தன் மேஜைமேலேயே கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாயன்று நான்காம் கேமராவின் படங்களைத் திறந்தார். அந்த சீசன் முழுக்க. முதல் ஓட்டத்திலேயே தெரிந்தது. தான் வெட்டிய இடத்துக்கு அப்பால் இன்னொரு பந்தயமே நடந்துகொண்டிருந்தது. பாராசூட் பாதி விரிந்த கார்கள், சக்கரத்தில் தீப்பொறி, தடுப்பு வலைக்கு ஒரு முழம் முன்னால் நின்ற கார், இறங்கியதும் குனிந்து வாந்தியெடுக்கும் ஓட்டுநர். பல் டாக்டர் ஒவ்வொரு முறையும் கார் நின்றபின் இறங்காமல், இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேலேயே வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஜெயித்தபோதும் அப்படித்தான். ஓடுவதற்கு ஏழு நொடி போதும். நிற்பதற்குத்தான் அவர்கள் பயந்திருக்கிறார்கள். ஒரு செயல் எங்கே முடிகிறது என்பதை அதைச் செய்கிறவர் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருடமாகக் கத்திரி சொல்லிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை அவருக்கு ஒரு போன் வந்தது. அந்த அக்கா.

"ஞாயித்துக்கிழமை ரேஸைக் காட்டினது நீங்கதானா சார்?"

"ஆமாம்மா."

"திட்டுறதுக்குக் கூப்பிடல. ஒண்ணு கேக்கணும். அவ ஜெயிச்சதும் நான் கடையில நாற்காலி மேல ஏறி நின்னு கைதட்டினேன் சார். தைக்கிற பொண்ணுங்க எல்லாம் தட்டினாங்க. அந்த நேரத்துல அவ தலைகீழாத் தொங்கிக்கிட்டு இருந்திருக்கா. எனக்கு மூணு நாளா சோறு இறங்கல." மூச்சு வாங்கிக்கொண்டார். "எங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் நீங்க காட்டலைன்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்க. அப்படின்னா நன்றி சொல்லிட்டு வச்சிடறேன். அப்படித்தானே சார்?"

ஆமாம் என்றால் போதும். நாற்காலி மிஞ்சும், அந்த அம்மாவுக்கும் ஆறுதல் மிஞ்சும்.

"இல்லம்மா" என்றார். "கோடு வந்தா வெட்டுறது என் பழக்கம். நாலாவது கேமராக்காரர் கத்தினார். நான் அவரை இருக்கச் சொல்லிட்டேன்."

மறுமுனையில் ஒரு தையல் இயந்திரம் கொஞ்ச தூரம் ஓடி நின்றது.

"அப்ப நீங்க எதைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"நீங்க பாத்ததைத்தாம்மா."

"சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன். மேஜையைத் தட்டினேன்."

"நான் ஒருத்திதான்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்துவிட்டார்.

கத்திரி அதே சூட்டோடு மேடத்தின் அறைக்குப் போய், நடந்ததை அப்படியே சொன்னார்.

"இதை ஏன் இப்ப வந்து சொல்றீங்க? உங்களை யாரும் கேக்கலையே" என்றார் மேடம்.

"அவங்க அக்கா கேட்டாங்க."

"சர்க்குலர் போயாச்சுங்க."

"அதனாலதான் வந்தேன்."

"நாற்காலி போயிடும். தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

சுற்றறிக்கை காரணம் சொல்லாமல் ஒரே வரியில் திரும்பப் பெறப்பட்டது. நாற்காலி கால்பந்து பிரிவிலிருந்து ஒருவருக்குப் போனது. இதை வீரம் என்று சொல்ல முடியாது. மூன்று நாள் பாராட்டை வாயை மூடிக்கொண்டு வாங்கியவர் அவர். அந்த அக்கா கூப்பிடாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாரா என்று அவருக்கே தெரியாது.

அந்த வாரத்து நிகழ்ச்சியை வெட்ட வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை மருத்துவமனைக்குப் போய்ப் பல் டாக்டரிடம் கேட்டார். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்தபடி அவர் சொன்னார்: "முழுசாப் போடுங்க. பாராசூட் எப்படி மடிக்கக் கூடாதுன்னு நாலு பேர் பாத்துக்கட்டும்." திரும்பி வந்து வெட்ட உட்கார்ந்தபோது, கோடு வந்ததும் விரல் தானாக விசைக்குப் போனது. கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். எல்லா ஓட்டத்துக்கும் கார் நிற்கும்வரை இடம் வேண்டியிருந்ததால், பாதிக்குப் பாதி ஓட்டங்களைத் தூக்க வேண்டியிருந்தது. தூக்கினார்.

சனிக்கிழமை மூன்றரை மணி. மனைவி துணி தேய்த்துக்கொண்டிருந்தார். முதல் ஓட்டத்தில் மெக்கானிக்கின் கார் கோட்டைத் தாண்டியது, படம் மாறவில்லை. பின்னால் பாராசூட் விரிந்தது, கார் தள்ளாடியது, மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றது. உள்ளே இருந்த தலை அசையவே இல்லை.

தேய்ப்புப் பெட்டி மனைவியின் கையில் அந்தரத்தில் நின்றது.

"என்னங்க, கார் நிக்குது!"

"ம்."

"இத்தனை வருஷமா அது எங்கதான் போச்சுன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லையே."

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

"கடைசில அந்தப் பல் டாக்டரோடது வருமா?"

"வரும்."

மனைவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தேய்ப்புப் பெட்டியை ஓரமாக நிறுத்தி வைத்து, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.